மைனஸ் முனையில் சிவப்பு

திங்கட்கிழமை காலை 6.50.

அலைதடுப்புப் பாறைகளின் மேல் அந்தச் சின்ன மோட்டார் படகு ஒருக்களித்துக் கிடந்தது. இருபது அடி நீளம், இரண்டு பேர் படுக்கிற அளவுக்கு ஒரு கேபின். பக்கவாட்டில் கிழிந்திருந்தது, ஆனால் இன்ஜின் அறைக்குள் தண்ணீர் ஏறவில்லை. படகின் சொந்தக்காரர் கொஞ்சம் தள்ளி இரண்டு பாறைகளுக்கு நடுவே கிடந்தார். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். லைஃப் ஜாக்கெட்டை ஒழுங்காகத்தான் போட்டிருந்தார். தலை பாறையில் மோதியிருந்தது.

துறைமுகப் போலீசின் பெண் இன்ஸ்பெக்டர் பாறை மேல் ஏறி நின்று பார்த்தார். ஸ்டேஷனில் அவருக்குச் சரவெடி என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான்.

"நேத்து சாயங்காலம் 5.35க்கு மனைவிக்கு போன் பண்ணியிருக்கார் மேடம்," என்றார் கான்ஸ்டபிள். "நாப்பத்தெட்டு செகண்ட் பேசியிருக்கார். அப்புறம் லைன் கட். மீட்புப் படகு ரெண்டு மணி நேரம் தேடியிருக்கு. மழையில கண்ணுக்கு ஆம்பிடல."

ரேடியோ வேலை செய்திருந்தால் எங்கே இருக்கிறேன் என்று சொல்லியிருப்பார். விளக்கு எரிந்திருந்தால் மழையிலும் யார் கண்ணிலாவது பட்டிருப்பார். இன்ஜின் ஓடியிருந்தால் வீட்டுக்கே வந்து சாப்பிட்டிருப்பார். மூன்றுக்கும் பேட்டரி வேண்டும்.

காலை 8.30.

படகுப் பரிசோதகர் இன்ஜின் மூடியைத் தூக்கினார். உள்ளே இரண்டு பேட்டரிப் பெட்டிகள். மூடிகளில் ஸ்டிக்கர் ஒட்டி, அச்சடித்த மாதிரி கையெழுத்தில் எழுதியிருந்தது: ஒன்றில் 'ஸ்டார்ட்', மற்றதில் 'ஹவுஸ்'. இரண்டிலும் போன வெள்ளிக்கிழமைத் தேதி. முதலாவது இன்ஜினைக் கிளப்ப, இரண்டாவது விளக்கு, ரேடியோ எல்லாவற்றுக்கும்.

பரிசோதகர் மூடியைத் திறந்து, தொழிற்சாலை முத்திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"வெளிய புதுத் தேதி. உள்ள நாலு வருஷக் கிழம் ரெண்டு. கரையில சார்ஜர்ல நின்னதால முதல் தடவை கிளம்பியிருக்கும். நடுவுல இன்ஜின நிறுத்தித் தூண்டில் போட்டிருப்பார். மறுபடி சாவியத் திருப்பினா, செத்துப்போச்சு."

"போட்டது யாரு?"

"அதான் மேடம் கொடுமை. அவரோட கூடப்பிறந்த தங்கச்சி. படகு எலெக்ட்ரீஷியன். புதுசுன்னு சொல்லிட்டுப் பழச மாட்டியிருக்கு அந்தப் பொண்ணு."

"நீங்க பக்கத்துல நின்னு பார்த்தீங்களா?"

"இல்ல, ஆனா..."

"அப்ப கண்ணுக்குத் தெரியறத மட்டும் சொல்லுங்க."

சரவெடி குனிந்து டார்ச் அடித்தார். கேபிள் நுனியில் இருக்கும் நான்கு கிளாம்ப்களிலும் சிவப்பாக ஏதோ தீற்றியிருந்தது. பக்கத்தில், இன்ஜினைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில், பட்டாணி அளவுக்கு ஒரு பள்ளம். இரும்பு உருகி, பளபளவென்று இருந்தது. சுற்றிலும் துரு, அந்த இடத்தில் மட்டும் துரு இல்லை.

"ரெண்டையும் போட்டோ எடு," என்றார் கான்ஸ்டபிளிடம்.

"சிவப்பு, ப்ளஸ்ஸுக்கு வைக்கற அடையாளம் மேடம்," என்றார் பரிசோதகர்.

"மைனஸ்லயும் இருக்கே?"

பரிசோதகர் டார்ச்சை வாங்கி மறுபடி குனிந்தார்.

காலை 10.00. இறந்தவரின் வீடு.

தங்கை வாசலில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி உள்ளே விடவில்லை. அண்ணன் செத்த வீட்டில், வாசலில், செருப்போடு செருப்பாக. வந்தவர்கள் எல்லாரும் அவளைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள். ஒருவர்கூட 'எழுந்து வா' என்று சொல்லவில்லை. இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணி முன்னறையில் நின்றுகொண்டே கத்தினாள். "வெள்ளிக்கிழமை இவ பேட்டரி மாத்தினா. ஞாயித்துக்கிழமை என் புருஷன் செத்தாரு. இதுக்கு மேல என்ன விசாரணை வேண்டிக் கிடக்கு?"

"போன்ல என்ன சொன்னார்?"

"'தங்கச்சி போட்ட பேட்டரி செத்துப்போச்சு'ன்னார். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

அண்ணி பக்கத்தில் நின்ற தன் தம்பியைப் பார்த்தாள். அவர் முன்னால் வந்தார். நல்ல உயரம், அழுது வீங்கிய கண், இடது மோதிர விரலைச் சுற்றித் துணிக்கட்டு.

"அக்காவ நோண்டாதீங்க மேடம். மாமா எனக்கு அப்பா மாதிரி. சொந்த அண்ணனுக்கே துரோகம் பண்ணியிருக்கா. தூக்கி உள்ள போடுங்க, வேடிக்கை பார்க்காம."

"விரல்ல என்ன?"

"சனிக்கிழமை டீ போடும்போது கெட்டில் ஆவி அடிச்சிடுச்சு."

"சனிக்கிழமை எங்க இருந்தீங்க?"

"வீட்லதான். ஞாயிறு காலையில என் படகுல நண்பர்களோட தீவுக்குப் போனேன். மத்தியானமே திரும்பிட்டேன். நான் கூடப் போயிருந்தா மாமா பிழைச்சிருப்பார்."

"மாமா படகுச் சாவி?"

"அதோ, கதவுக்குப் பக்கத்து ஆணியில தொங்கும். வீட்ல யார் வேணா எடுக்கலாம்."

சரவெடி வாசலுக்கு வந்து, படியில் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே சலசலப்பு அடங்கியது.

"பழசைப் போட்டியா?"

"இல்ல மேடம்." அழுகை இல்லை, கோபம்தான். "பில் இருக்கு. ஆனா பில் என்ன, வாங்கினதுக்குத்தானே சாட்சி? போட்டதுக்கு இல்ல. கழட்டின பழசு ரெண்டையும் அன்னைக்கே காயலான் கடையில குடுத்துட்டேன். அந்த ரெண்டும் ஏழு வருஷப் பேட்டரி. உள்ள இருக்கறது நாலு வருஷமாம். அது எங்கேருந்து வந்துச்சுன்னு யாராவது கேட்டாங்களா?"

"நான் கேக்கறேன். இந்தப் படகுத்துறையில வேற யார் படகுக்குப் போட்டிருக்க?"

"பாதிப் படகுக்கு நான்தான். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே சைஸ். உள்ள நின்னு கத்தறாரே, அவர் படகுக்கும்."

"கிளாம்ப்ல சிவப்பு?"

"நெயில் பாலிஷ். இறுக்கி முடிச்சதும் கிளாம்ப்லேருந்து பேட்டரி முனை வரைக்கும் ஒரே கோடா இழுப்பேன். அதிர்வுல கிளாம்ப் நகர்ந்தா கோடு விலகிடும். பார்த்ததும் தெரியும். நாலு முனைக்கும் இழுப்பேன். போன வருஷத்துலேருந்துதான் இந்தப் பழக்கம்."

சரவெடி போனை எடுத்துக் காலையில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கினார். நீண்ட நேரம் பார்த்தார்.

"ப்ளஸ், மைனஸ், எத முதல்ல கழட்டுவ?"

"மைனஸ்தான். ப்ளஸ்ல ஸ்பானர் இருக்கும்போது மறுமுனை இன்ஜின்ல பட்டா, இரும்பே உருகிடும். தொழில் தெரிஞ்சவங்க யாரும் ப்ளஸ்ல முதல்ல கை வைக்க மாட்டாங்க." சட்டைக்குள்ளிருந்து ஒரு கயிற்றை வெளியே இழுத்தாள். வெறும் கயிறு. "வேலைக்கு முன்னாடி மோதிரத்தக் கழட்டி இதுல கோத்துக்குவேன். மோதிரத்தோட கை வச்சா, கரண்ட் பாஞ்சு மோதிரம் பழுத்து விரலே போயிடும்."

சரவெடி எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"எல்லாரும் படகுத்துறைக்கு வாங்க," என்றார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

பகல் 12.10. படகுத்துறை.

இறந்தவரின் படகு நிற்கும் இடம் காலியாக இருந்தது. அதற்கு அடுத்தது அண்ணியின் தம்பியின் படகு.

"இன்ஜின் மூடியத் திறங்க," என்றார் சரவெடி.

"என் படகு எதுக்கு?"

"திறங்கன்னா திறக்கணும்."

கான்ஸ்டபிள்தான் திறந்தார். இரண்டு பேட்டரிகள். கிளாம்ப்கள் கறுத்துக் கிடந்தன, ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. ஆனால் கிளாம்ப்களுக்கு நடுவில் தெரிந்த நான்கு பேட்டரி முனைகளின் தலையிலும் ஒரு சிவப்புக் கோடு ஓடி, ஓரத்தில் அறுந்து நின்றது.

"பாறை மேல கிடக்கற படகுல கிளாம்ப்ல சிவப்பு இருக்கு, முனையில இல்ல," என்றார் சரவெடி. "இங்க முனையில இருக்கு, கிளாம்ப்ல இல்ல. கேபிளும் கிளாம்ப்பும் படகோட நின்னுடும். முனை பேட்டரியோட போயிடும். பாதிக் கோடு அங்க, மீதிக் கோடு இங்க. எல்லாரும் சிவப்பப் பார்த்தோம், ப்ளஸ் அடையாளம்னு விட்டுட்டோம். மைனஸ்ல எதுக்குச் சிவப்புன்னு ஒருத்தரும் யோசிக்கல."

"விரல் கட்ட அவிழுங்க."

"மேடம், அது ஆவி..."

"ஆவி விரலச் சுத்தி வளையம் போட்டுச் சுடுமா? அவிழுடா!"

கட்டுக்குள்ளே விரலைச் சுற்றி ஒரே அகலத்தில் வெந்த வளையம். மோதிரத்தின் பூவேலைகூட அதில் பதிந்திருந்தது. ப்ளஸ்ஸில் முதலில் ஸ்பானரை வைத்து, இன்ஜின் சட்டத்தில் பள்ளம் விழவைத்த கை அது.

இதுவரை மரியாதையாக அவர், இவர் என்று எழுதிவந்தேன். இனிமேல் முடியாது. அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நண்பர்கள்ட்ட சொல்லிட்டேன். என் பேட்டரியில சார்ஜ் நிக்கல. மாமா இந்த வாரம் போகமாட்டார்னு நினைச்சேன். திங்கட்கிழமை திருப்பி மாத்தி வச்சிடலாம்னு..."

"ஞாயிறு மத்தியானமே திரும்பிட்ட. மாமா கிளம்பினது நாலரை மணிக்கு. ஒரு போன் போதும். 'மாமா, போகாதீங்க'. போட்டியா?"

"கேவலமா நினைப்பார்னு..."

"கேவலமா!" சரவெடியின் கை ஓங்கிவிட்டது. கஷ்டப்பட்டு இறக்கினார். "செத்தப்புறமும் வாயத் திறக்கல. அந்தப் பொண்ண வாசல்ல உட்கார வச்சுட்டு, தூக்கி உள்ள போடுன்னு எங்கிட்டயே கத்தினியே, அப்ப கேவலமா இல்லயா உனக்கு?"

கான்ஸ்டபிள் அவனைத் தூக்கி நிறுத்தினார். சரவெடி தங்கையின் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேட்டரியும் சாட்சிக்கு வேணும். நீயே கழட்டிக் குடு."

தங்கை மோதிரத்தைக் கழற்றிக் கயிற்றில் கோத்துக்கொண்டு உள்ளே இறங்கினாள். மைனஸ் கிளாம்ப்பில் ஸ்பானரை வைத்தாள்.

"இன்னும் ஒண்ணு பாக்கி," என்றார் சரவெடி, அண்ணியைப் பார்த்து. "நாப்பத்தெட்டு செகண்ட் பேசியிருக்கார். நீங்க சொன்னத நான் நாலு தடவை சொல்லிப் பார்த்துட்டேன். அஞ்சு செகண்ட் ஆகல. மீதி என்ன?"

அண்ணி அப்படியே கீழே உட்கார்ந்தாள். "'இன்ஜின் கிளம்பல, ரேடியோ இல்ல, துறைமுக ஆபீசுக்குச் சொல்லு'ன்னார். நான் உடனே இவளத் திட்டினேன். அதுக்கு அவர்..."

"சொல்லுங்க."

"'அவளத் திட்டாத. என் தங்கச்சி கை வச்சது இப்படி ஆகாது. வேற யாரோ தொட்டிருக்காங்க. அவகிட்ட சொல்லு, அவ கண்டுபிடிச்சிடுவா'ன்னார்." அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த நேரத்துலகூட அவள விட்டுக்கொடுக்கலையேன்னு எனக்கு ஆத்திரம். தம்பிகிட்ட மட்டும் சொன்னேன். அதைப் போலீஸ்ல சொல்லாத, கேஸ் நிக்காதுன்னான்."

ஸ்பானர் நின்றது. தங்கை நிமிர்ந்து பார்க்கவில்லை. காலையிலிருந்து அவளை அரித்தது ஜெயிலைப் பற்றிய பயம் இல்லை. தங்கச்சி ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே அண்ணன் செத்துப்போனாரோ என்பதுதான்.

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல அண்ணி," என்றாள்.

பிறகு மைனஸைக் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, ப்ளஸ்ஸுக்கு வந்தாள்.