தவமணி உட்கார்ந்த படம்

இரண்டு வருஷத்துக்கு முந்தி வரைந்த படத்தில் சாயம் இன்னும் ஈரமாக இருந்தது.

லோஜினி விரலை இழுத்துக்கொண்டாள். நுனியில் பச்சை ஒட்டியிருந்தது. கண்டிக்குப் பக்கத்தில், கடுகண்ணாவை என்ற ஊரின் மலைச்சரிவில் இருந்த அந்த வீட்டின் முன்னறையில், பகலிலேயே விளக்குப் போட வேண்டிய அளவுக்கு மூடுபனி சன்னலை அடைத்திருந்தது. தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருக்க, சாயம் கரைக்கும் டர்பன்டைன் நெடியும், அதற்கடியில் வலித்தைலத்தின் வாசமும், அதற்கும் அடியில் நெடுநாள் நோயாளி படுத்திருக்கும் அறையில் வருமே அந்தப் புளித்த வாடையும் மெல்ல மெல்ல அவள் தொண்டையில் இறங்கின.

கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் சித்திரம் படிப்பிக்கிறாள். ஓவியக் கண்காட்சிகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவாள். இந்தப் படத்தைப் பற்றியும் முன்பு எழுதியிருந்தாள். படத்தில் இருந்தவர் ஓவியர் மோகனராஜின் மனைவி தவமணி. கோணிய முகம், பச்சை படர்ந்த கன்னம், இரத்தச் சிவப்பில் பின்புலம். அச்சத்தையே நிறமாக்கிய படம் என்று பாராட்டிவிட்டு, கடைசியில் ஒரு குறையும் எழுதியிருந்தாள்: இத்தனை வேதனைப்படும் பெண்ணுக்கு விரல்கள் மட்டும் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கின்றன?

இப்போது படத்தில் விரல்கள் அப்படி இல்லை. பிடுங்கிப்போட்ட வேர்களைப் போல ஒவ்வொன்றும் ஒரு திசையில் முறுக்கிக் கிடந்தன.

"நீங்க எழுதினது சரிதாங்க டீச்சர். திருத்திட்டேன்," என்றார் மோகனராஜ். பணிவான குரல். "அடுத்த கிழமை திரும்பக் காட்சிக்கு வைக்கப்போறேன். நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இன்னும் என்ன குறை?"

யாராவது தன் கருத்தை இப்படி மதித்துக் கேட்டால் லோஜினிக்குப் பேச்சு பெருகும். பச்சை நிறம் உள்ளுக்குள் அழுகிப்போன ஆசை என்றாள். சிவப்பு, வெளியே வராத கோபம். முறுக்கிய விரல்கள், எதையும் பற்றிக்கொள்ள முடியாத வாழ்க்கை.

"வாய்தான் படத்தோட ஒட்டல," என்றாள். "ரொம்பச் சாதாரணமா மூடியிருக்கு. கத்த நினைச்சும் கத்த முடியாத வாயா இருக்கணும்."

அவர் சுரண்டும் கத்தியை எடுத்தார். படத்தின் உதடுகளை அமைதியாக, இடமிருந்து வலமாக, வழித்தெடுத்தார்.

சமையலறையில் பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. உருண்டுகொண்டே போய் நின்றது. அதன் பிறகு அங்கே ஒரு சத்தமும் இல்லை.

"என்னாச்சு அங்க?"

"ஒண்ணுமில்ல. தேத்தண்ணி வருது." அவர் பெருவிரலால் சாயத்தை இழுத்து, வாய் இருந்த இடத்தை மூடினார்.

தவமணி வந்தார். முந்தானையை மூக்குவரை இழுத்துச் சுற்றியிருந்தார். தட்டைக் கைகளால் பிடிக்கவில்லை. இரண்டு மணிக்கட்டுகளின் மேல் தாங்கி வந்தார். விரல்கள் தட்டுக்கு வெளியே முறுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு திசையில்.

லோஜினி படத்திலிருந்த விரல்களைத் திரும்பிப் பார்த்தாள்.

முந்தானை நழுவியது. மூக்குக்குக் கீழே நாடிவரை தோல் மட்டும். மெழுகு போல வழவழப்பான தோல். அதற்கு உள்ளிருந்து எதுவோ முட்டியது. அடங்கியது. மறுபடியும் முட்டியது.

"சொல்லுங்க டீச்சர்," என்றார் மோகனராஜ். "இன்னும் என்ன குறை?"

தன் வாயிலிருந்து எந்தச் சொல் வந்தாலும் அது அந்த உடம்பில் போய் இறங்கும் என்று லோஜினிக்குப் புரிந்தது. இந்தப் பெண்ணை இனி யாரும் தொடக் கூடாது. அதற்கு ஒரே பதில்தான் இருந்தது.

"ஒரு குறையும் இல்ல. படம் முடிஞ்சிருச்சு."

தவமணியின் கண்கள் விரிந்தன. தலையை ஆட்டினார். இல்லை. இல்லை. தட்டில் கோப்பைகள் கிடுகிடுத்தன. அவர் லோஜினியைப் பார்த்து இன்னும் வேகமாக ஆட்டினார்.

மோகனராஜ் நிம்மதியாக மூச்சுவிட்டார். "அப்ப இனி இவ படத்துக்கு உட்கார வேண்டியதில்ல," என்று, முடிந்த படத்தின் மேல் பூசும் வார்னிஷ் டின்னைத் திறந்து அகலத் தூரிகையை முக்கினார்.

"இல்ல! படம் முடியல! நெத்தி சரியில்ல, இன்னும் வேலை இருக்கு!" லோஜினி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மொதல்ல வாயில வர்றதுதான் டீச்சர் உண்மை."

உதறினார். அவள் பின்னாலிருந்த கதிரையில் மோதி, அதோடு சாய்ந்து விழுந்தாள். தூரிகை படத்தின் உச்சியிலிருந்து அடிவரை ஒரே இழுப்பாக இறங்கியது.

கிடுகிடுப்பு நின்றது.

தலை பாதி திரும்பிய நிலையில் தவமணி நின்றார். மேலெல்லாம் மினுமினுப்பு. இமையோரத்தில் ஒரு துளி, விழாமல். தேத்தண்ணியில் இருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. சன்னலிலிருந்து ஒரு ஈ பறந்து வந்து அவருடைய திறந்த கண்ணின் மேல் உட்கார்ந்தது. கால்களைத் தேய்த்துக்கொண்டது. கருவிழியைக் கடந்து நிதானமாக நடந்தது.

இமை அசையவில்லை. மார்பு மட்டும் வேகவேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.