படுத்துப் பார்க்கும் வாழ்த்து அட்டை

பொங்கலுக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. மும்பையில் இருக்கும் அந்தத் தமிழ்ப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு முழுக்கப் பசை வாசனை.

“யாருக்கு நன்றி சொல்லணும்னு தோணுதோ அவங்களுக்கு ஒரு வாழ்த்து அட்டை. நீங்களே வரையணும், நீங்களே நாலு வரி பாட்டு எழுதணும். விலாசத்தோட என்கிட்ட கொடுங்க. ஸ்டாம்ப் ஒட்டித் தபால்ல போடுறது என் பொறுப்பு” என்று சொல்லியிருந்தார் பானுமதி டீச்சர்.

ஃபர்ஸானா செம்பூரில் இருக்கும் தன் மாமிக்கு ஒரு மாடு வரைந்திருந்தாள்.

“ஏட்டி, இது மாடா ஆடா?” என்று கேட்டாள் ஷாலினி.

“மாடுதான். சாப்பாடு சரியில்ல, அதான் மெலிஞ்சிருக்கு.”

ஷாலினியின் அட்டையில் மாடு இல்லை. பள்ளிச் சுவரில் இருக்கும் வார்லி என்னும் பழங்குடி ஓவியத்தைப் பார்த்து அவள் வரைந்திருந்தாள். பழுப்பு நிறத்தின் மேல் வெள்ளைக் கோடுகள். இரண்டு முக்கோணம் சேர்ந்தால் ஓர் உடம்பு, மேலே ஒரு வட்டம் வைத்தால் தலை. கண், மூக்கு, வாய் எதுவும் கிடையாது. அப்படி மூன்று பேர், பொங்கிவழியும் பானையைச் சுற்றிக் கைகோத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கீழே அவளே எழுதிய பாட்டு:

பேர் தெரியாத மூன்று பேரே,
பொங்கல் வாழ்த்து உங்களுக்கே!
அம்மா வீட்டில் சிரிக்கிறாள்,
அந்தச் சிரிப்பு நீங்கள் தந்தது.

டீச்சர் அதை இரண்டு முறை படித்தார். “ரொம்ப அழகா இருக்கே. யாருக்கும்மா இது?”

“அம்மாவுக்கு ரத்தம் கொடுத்தவங்களுக்கு, டீச்சர்.”

அக்டோபர் மாதம் சயான் ஆஸ்பத்திரியில் தம்பி மகேஷ் பிறந்தபோது அம்மாவுக்கு நிறைய ரத்தம் போய்விட்டது. யாரோ மூன்று பேர் எப்போதோ கொடுத்துவிட்டுப் போயிருந்த ரத்தம்தான் அம்மாவைக் காப்பாற்றியது. தினமும் சாயங்காலம் முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றும்போது, “அந்த மூணு பேரும் நல்லா இருக்கணும் முருகா” என்று சொன்ன பிறகுதான் அம்மா வீட்டில் உள்ளவர்களுக்காக வேண்டிக்கொள்வாள்.

“விலாசம் இல்லாமத் தபால்ல போட முடியாதேம்மா” என்றார் டீச்சர்.

“‘ரத்தம் கொடுத்தவங்க, சயான்’னு எழுதிப் போட்டுரு. போஸ்ட்மேன் தேடிக்கிடட்டும்” என்றாள் ஃபர்ஸானா.

வகுப்பே சிரித்தது. ஷாலினிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அட்டையை மெதுவாகப் பைக்குள் வைத்தாள்.

அன்று மாலை அவள் அப்பாவிடம் கேட்டாள்: “அப்பா, நாளைக்கு ரத்த வங்கிக்குப் போவமா? அங்க கேட்டா பேரு சொல்லுவாங்கல்லா?”

அப்பா மாரிக்கண்ணனின் முகம் மாறிவிட்டது. அம்மா சிரித்தாள்.

“உங்கப்பா அந்தப் பக்கமே போக மாட்டாவ. போனா, ‘நீங்களும் குடுங்க’ன்னு ஊசியத் தூக்கிட்டு வந்துருவாங்களாம்.”

“எனக்கென்ன பயம்? டைம் இல்ல.”

“ஆமா, அக்டோபர்ல இருந்து டைம் இல்ல.”

அப்பாவுக்கு அட்டைப்பெட்டிப் பட்டறையில் வேலை. காலையிலிருந்து மாலைவரை பெரிய பிளேடால் அட்டை வெட்டுவார். கை நடுங்கவே நடுங்காது. ஆனால் ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே நாற்காலி தேடுவார்.

மறுநாள் சனிக்கிழமை. மகள் விடவில்லை. இருவரும் சயானுக்குப் போனார்கள்.

ரத்த வங்கியில் வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் அம்மாள் இருந்தார். எல்லோரும் அவரை மராத்தியில் ‘தாயி’, அதாவது அக்கா என்று அழைத்தார்கள். ஷாலினி இந்தியில் எல்லாவற்றையும் சொன்னாள். தாயி பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“கொடுத்தவர் பேரை வாங்கியவருக்குச் சொல்லக் கூடாது, மகளே. அது இங்கே விதி.”

“பேரு வேண்டாம். இத மட்டும் அவங்ககிட்ட கொடுத்துருவீங்களா?”

“அதுவும் முடியாதே. வேண்டுமானால் அந்த நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டுப் போ.”

ஷாலினி போர்டைப் பார்த்தாள். காகிதத்தின் மேல் காகிதம். அதன் எதிரே நின்றவர்கள் எல்லோரும் தங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணில் நீர் முட்டியது.

அப்பா மகளைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

“அவங்க யாருன்னு தெரியாட்டி என்ன, நானும் குடுக்கேன். என் பேர எழுதச் சொல்லுட்டி. மனசு மாறுததுக்குள்ள சொல்லு.”

உள்ளே நான்கு கட்டில்கள் இருந்தன. பரிசோதனை எல்லாம் முடிந்து அப்பா ஒன்றில் படுத்தார். பக்கத்தில் உட்கார ஷாலினிக்கு ஒரு ஸ்டூல் கிடைத்தது.

“பயமா இருந்தா கண்ண மூடிக்கிடுங்கப்பா.”

“மூடினா ஊசிதான் தெரியுது. தொறந்தா ஃபேன் தெரியுது. அதுக்கு இது தேவல.”

“ஃபேன்ல என்ன இருக்கு?”

“மூணு ரெக்கை. ஒண்ணுல தூசி ஜாஸ்தி. வந்ததுல இருந்து அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். மல்லாக்கப் படுத்திருக்கவன் வேற என்னத்தப் பாக்க?”

ஷாலினி மேலே பார்த்தாள். வெள்ளையான, வெறும் கூரை. மற்ற கட்டில்களைப் பார்த்தாள். படுத்திருந்த எல்லோரும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஸ்டூலிலிருந்து குதித்தாள். “தாயி! சுவத்துல வேண்டாம். மேல ஒட்டலாமா?”

தாயி அண்ணாந்து பார்த்தார். “பதினைந்து வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன். இன்றைக்குத்தான் இந்தக் கூரையைப் பார்க்கிறேன்” என்று சிரித்தார். “பெரிய டாக்டரிடம் கேட்கிறேன். ஆனால் யார் தலையிலும் எதுவும் விழக் கூடாது.”

வீட்டில் சோதனை நடந்தது. பரண் அடியில் ஷாலினி அட்டையை ஒட்டினாள். அம்மா கீழே படுத்துப் பார்த்தாள்.

“என்னம்மா தெரியுது?”

“ஏதோ நாலஞ்சு எறும்பு ஊருத மாதிரி இருக்கு.”

சின்ன அட்டை உதவாது. அப்பா பட்டறையிலிருந்து பெரிய பழுப்பு அட்டை ஒன்று கொண்டுவந்தார். அம்மா கோலத்துக்குக் கரைப்பதுபோல் அரிசி மாவு கரைத்துக் கொடுத்தாள். ஓவியம் பிரமாதமாக வந்தது. ஆனால் மாவு காய்ந்ததும் பொலபொலவென்று உதிர்ந்து மகேஷின் மூக்கில் விழுந்தது. அவன் ஐந்து முறை தும்மினான்.

“ரத்தம் குடுக்க வாறவங்களுக்குத் தும்மலையும் குடுத்து அனுப்பவா?” என்றார் அப்பா.

கடைசியில் வெள்ளைப் பெயின்ட் வாங்கி மறுபடி வரைந்தாள். இந்த முறை மூன்று பேருக்கு நடுவில் சிவப்பில் ஒரு குட்டிக் குழந்தை. ஃபர்ஸானா வந்து, தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு ரத்தம் கிடைத்த கதையையும் பாட்டின் கருத்தையும் இந்தியில் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். “மாடு வரையட்டுமா?” என்றும் கேட்டாள். ஷாலினி அவசரமாக வேண்டாம் என்றாள்.

பொங்கலுக்கு முதல் நாள், டாக்டரின் அனுமதியோடு, ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் ஏணியில் ஏறி அட்டையைக் கூரையில் ஒட்டினார். பெட்டிக்கு ஒட்டும் பட்டையான டேப்பை நான்கு சுற்று ஒட்டச் சொல்லி அப்பா கீழே நின்று கண்காணித்தார்.

பொங்கலன்று அம்மா ஒரு டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் எடுத்துக்கொண்டாள். மகேஷை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லோரும் போனார்கள். தாயி சங்கராந்திக்கு வைத்திருந்த எள்ளுருண்டையை ஷாலினியின் கையில் கொடுத்து, “சத்தம் போடாமல் அங்கே பார்” என்றார்.

சாமான் டெலிவரி செய்யும் கம்பெனியின் பனியன் போட்ட ஓர் இளைஞர் கட்டிலில் படுத்தார். ஊசி ஏறும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு மேலே பார்த்தார். சுளிப்பு அப்படியே நின்றது. அவர் உதடு அசைவது தெரிந்தது. இந்தி வரிகளை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“இதை யார் எழுதினது?” என்று இந்தியில் கேட்டார்.

“நான்தான், பையா” என்று இந்தியில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் சொன்னாள் ஷாலினி.

“குழந்தை எப்போது பிறந்தது?”

“அக்டோபர்ல. தசரா முடிஞ்சு ஒரு வாரத்துல.”

அவர் மற்றொரு கையால் விரல்விட்டு எண்ணினார். “நான் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை வருவேன். போன தடவை வந்ததும் தசரா சமயம்தான்.”

எல்லோரும் தாயியைப் பார்த்தார்கள். “எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்” என்று அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா கட்டிலருகே வந்தாள். அவளுக்கு இந்தி சரியாக வராது. பொங்கல் டப்பாவை அவர் பக்கத்தில் வைத்தாள்.

“நீங்க நல்லா இருக்கணும்யா” என்றாள்.

“அம்மா என்ன சொல்கிறார்கள்?”

“நீங்க நல்லா இருக்கணுமாம். தினமும் சாமிகிட்ட சொல்லுவாங்க. இன்னைக்குத்தான் உங்ககிட்ட சொல்லுதாங்க.”

அவர் மறுபடி மேலே அட்டையைப் பார்த்தார். “ஒருவேளை அது நான் இல்லை என்றால்?”

ஷாலினி யோசித்தாள். “அப்பவும் நீங்க நல்லா இருக்கலாம், பையா. அவங்க வரும்போது அவங்களும் படிச்சுக்கிடுவாங்க.”

அவர் சிரித்தார். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அப்போது எதிர்க் கட்டிலில் படுத்திருந்த ஒரு பெண்மணி கழுத்தை இப்படியும் அப்படியும் வளைத்தபடி குரல் கொடுத்தார்:

“ஏ பொண்ணு! நானும்தான் ரத்தம் கொடுக்கிறேன். எனக்கு மட்டும் எல்லாரும் தலைகீழாக ஆடுகிறார்களே, இது நியாயமா?”

ஷாலினி அப்பாவைப் பார்த்தாள். அப்பா அதற்குள் கூரையைப் பார்த்து, கையை விரித்து, அடுத்த அட்டைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்.