வெட்டிய மூச்சுகள்

வெட்டியெடுத்த மூச்சு மறுபடியும் கேட்டது.

ஜோவி கர்சரைக் கொஞ்சம் பின்னால் இழுத்து இன்னொரு முறை ஓடவிட்டாள். 'ஆற்றைக் கடந்து அவர்கள் வந்தபோது ஊரில் ஒரு விளக்குகூட எரியவில்லை' என்று ஃபெர்மின் மாமாவின் குரல் ஹெட்போனுக்குள் நிதானமாகச் சொல்லி முடித்தது. அடுத்த வாக்கியம் தொடங்குவதற்கு முன்னால், மூக்கு வழியாக உள்ளே இழுக்கிற ஈரமான ஒரு மூச்சு. திரையில் அந்த இடத்தில் நேர்கோடுதான் இருந்தது. ஒலி இருந்தால் மேடும் பள்ளமுமாகத் தெரியவேண்டிய இடம் அது. இப்போதுதான் அதை அழித்துவிட்டு வெறும் நிசப்தத்தை வைத்திருந்தாள்.

முதலில் அவள் சந்தேகப்பட்டது புதுப் பெட்டியைத்தான். மனுஷருக்குப் புதுசாக வந்த பொருள் மேல் பழி போடுவதுதானே சுலபம்.

ஒலிப்புத்தகங்களைச் சுத்தம் செய்வது அவள் தொழில். யாரோ படித்துப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதில் தொண்டைச் செருமல், பக்கம் புரட்டுகிற சத்தம், நாற்காலி முனகல், வயிற்றின் உறுமல் எல்லாவற்றையும் தேடிப்பிடித்து வெட்டவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக மூச்சு. கேட்கிறவர்களுக்கு மூச்சுச் சத்தம் பிடிக்காதாம். கம்பெனி கறாராகச் சொல்லியிருந்தது. ஆனால் அவளுடைய பழைய லேப்டாப்பில் ஹெட்போனைச் செருகினால் எப்போதும் ஒரு இரைச்சல். மவுஸை நகர்த்தினால் கொசு பாடும். சார்ஜரைப் போட்டால் கூடவே ஒரு ரீங்காரம். அந்தக் கலங்கலில் சின்ன மூச்சுகள் தப்பித்துப் போய்விட, போன இரண்டு புத்தகங்களும் 'மூச்சு கேட்கிறது' என்று திரும்பி வந்துவிட்டன. இன்னொன்று திரும்பினால் வேலை வேறு ஆளுக்கு என்று நாசூக்காகச் சொல்லியும் விட்டார்கள். புருஷன் அர்னெல் கப்பலில் இருக்கிறான். அவன் அனுப்புவது வாடகைக்கும், மகள் மீகாவின் மருந்துக்கும் சரியாகப் போய்விடும்.

அதனால்தான் இந்தப் பெட்டி. சோப்புக் கட்டி அளவில், கறுப்பு இரும்பில், ஒரு திருகு, ஒரு பொட்டு நீல விளக்கு. ஒரு பக்கம் லேப்டாப்போடு கேபிள், மறுபக்கம் ஹெட்போன். லேப்டாப்புக்குள் நடக்கிற அரைகுறை ஒலி வேலையைப் பிடுங்கி வெளியில் தானே சுத்தமாகச் செய்து, பெரிய ஹெட்போனுக்கு வேண்டிய பலத்தையும் கொடுக்கும். முதல் தடவை மாட்டியபோது இரைச்சல் சட்டென்று காணாமல் போனது. தெருப்பக்கக் கதவை யாரோ சாத்தியதுபோல் இருந்தது. ஃபெர்மின் மாமாவின் உதடு பிரிகிற சத்தம்கூடக் கேட்டது. ஜோவி சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

அப்புறம்தான், தான் எங்கேயிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்பது ஞாபகம் வந்தது. ஃபெர்மின் மாமாவின் சவப்பெட்டி பக்கத்திலிருந்து.

மதியம் அங்கே கண்ணாடி மூடிக்கு அடியில் அவர் வெள்ளைச் சட்டையோடு படுத்திருந்தார். எந்தச் சாவு வீட்டையும்போலப் பக்கத்தில் சீட்டாட்டமும் பிஸ்கட்டும் காபியுமாகக் கூட்டம். இளமையில் வானொலி நாடகத்தில் நடித்தவர். ஒரே மூச்சில் ஒரு பக்கம் படிப்பேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மார்தட்டுவார். கடைசியில் நுரையீரல்தான் அவரைக் கைவிட்டது. இந்தப் புத்தகத்தில் கடைசி அத்தியாயத்தை மட்டும் படிக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"ஏண்டி பொண்ணே, என் மூச்சையெல்லாம் வெட்டி வெட்டி எங்கதான் போடுற?" என்று போனில் கேட்பார். "ஒருநாள் எனக்கு வேண்டியிருக்கும். அப்பத் திருப்பிக் குடுத்துடணும், ஆமா."

"குப்பைத்தொட்டிலதான் கெடக்கு மாமா, வந்து பொறுக்கிக்கோங்க" என்பாள் ஜோவி.

சாவு வீட்டிலிருந்து யாரும் நேராக வீட்டுக்குப் போவதில்லை. வழியில் ஏதாவது கடையில் ஏறி, ஒரு வாய் காபியாவது குடித்து, பின்னாலேயே வந்த செத்தவரின் ஆவியை அங்கேயே உதறிவிட்டுத்தான் போவார்கள். கடவுளை நம்பாதவர்கள்கூட இதை விடமாட்டார்கள். ஜோவியும் முனையிலிருக்கும் டோனட் கடைக்குள் கால் வைக்கத்தான் போனாள். அந்த நேரம் பார்த்து டெலிவரிக்காரன் போன். ஆளில்லையென்றால் பொருளைத் திருப்பி எடுத்துப் போய்விடுவேன் என்று மிரட்டினான். மழையும் வலுத்துக்கொண்டிருந்தது. ஓடினாள்.

அவள் கறுப்பு உடையைப் பார்த்ததும் டெலிவரிக்காரன் இரண்டடி பின்னால் போனான்.

"மேடம், சாவுலேருந்தா வர்றீங்க? அங்கயே நின்னு கையெழுத்துப் போடுங்க. என்னைத் தொட்டுடாதீங்க, இன்னும் நெறைய வீட்டுக்குப் போகணும் நான்."

கீழே சலவைக் கடை வைத்திருக்கிற பெலென் அக்காதான் மீகாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்கிப்போன குழந்தையைத் தோளில் மாற்றிக் கொடுக்கும்போதே கேட்டுவிட்டாள்.

"உதறிட்டுத்தானே வந்த?"

"எங்கக்கா. பொட்டி வந்துடுச்சுன்னு ஓடியாந்துட்டேன்."

"பொட்டி பெருசா, புள்ள பெருசா? ஒரு காபி குடிச்சா உன் சொத்தா கரைஞ்சுடும்?"

"ஃபெர்மின் மாமாதானேக்கா. வந்தா வந்துட்டுப் போறாரு. மிச்ச அத்தியாயத்தையும் படிச்சுக் குடுத்துட்டா எனக்கு வேலை முடியும்."

"வாயக் கழுவுடி" என்றாள் பெலென் அக்கா. சிரிக்கவில்லை.

அது மதியம். இப்போது மாலை ஆறுகூட ஆகவில்லை, மரிக்கினா நகர் முழுக்க மழை இருட்டிக் கிடந்தது. தகரக் கூரையில் மழை இடைவிடாமல் கொட்டியது. கீழேயிருந்து சலவைச் சோப்பு வாசனையும், தெருச் சாக்கடை நிரம்புகிற நாற்றமும் கலந்து படியேறி வந்தன. அவள் முதுகுக்குப் பின்னால், தரையில் விரித்த மெத்தையில் மீகா தூங்கிக்கொண்டிருந்தாள். நாலு வயசு. பிறந்ததிலிருந்தே மூச்சிழுப்பு. மூச்சு வெளியே போகும்போது நுனியில் மெல்லிசாக ஒரு விசில் அடிக்கும். ஜோவிக்கு அந்த விசில்தான் கடிகாரம். தூக்கத்தில்கூட அது நின்றால் விழித்துவிடுவாள்.

ஆனால் காது முழுக்க மூடுகிற ஹெட்போனுக்குள் மழையும் இல்லை, விசிலும் இல்லை. ஃபெர்மின் மாமா மட்டும்தான்.

அந்த மூச்சு இருந்த இடத்தைக் குறித்து, நிசப்தம் வைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, துண்டோடு வெட்டி எறிந்து இரண்டு பக்கத்தையும் ஒட்டினாள். ஓடவிட்டாள். மூச்சு போய்விட்டது. அப்பாடா என்று இருந்தது. ஆனால் அடுத்த வாக்கியத்துக்கு முன்னால் ஒன்று நின்றது. அதையும் வெட்டினாள். அதற்கடுத்ததில் இன்னொன்று. முன்பே ஒருமுறை சுத்தம் செய்த அத்தியாயம் இது, இத்தனை மூச்சு மிச்சம் இருக்கக்கூடாது. பயம் மெதுவாகத்தான் வந்தது. அதைவிட எரிச்சல் முந்திக்கொண்டது. இருக்கிற அத்தியாயங்களையாவது திங்கட்கிழமை அனுப்பியாகவேண்டும். செத்த மனிதரோடு மல்லுக்கட்ட அவளுக்கு நேரமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு குறித்தாள், வெட்டினாள், ஒட்டினாள், விரல்கள் தானாக ஓடின.

வெட்ட வெட்ட மூச்சு மாறிக்கொண்டே வந்தது.

முதலில் ஈரமாக, கனமாக இருந்தது. கிழவரின் மூச்சு. பிறகு லேசானது. பிறகு குட்டையானது. அவசர அவசரமாக இழுக்கிற மூச்சு. பெட்டி அதை அவ்வளவு துல்லியமாகக் கொடுத்தது, காது மடலில் சூடு படுவதுபோல் இருந்தது. ஜோவி வெட்டினாள். இன்னொன்று. வெட்டினாள். இப்போது மூச்சின் நுனியில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பி மாதிரி மெல்லிய சத்தம். கேபிள் கோளாறாக இருக்கும் என்று திருகைக் கொஞ்சம் ஏற்றினாள்.

விசில்.

வெட்டு விசையின் மேல் இருந்த விரல் அதற்குள் அமுங்கிவிட்டது.

ஜோவி ஹெட்போனைக் கழற்றினாள். மழை. மின்விசிறி. கீழே சலவை இயந்திரம் சுற்றுகிற சத்தம். வேறு எதுவும் இல்லை. எந்த மழையிலும் அவளுக்குக் கேட்கிற அந்த விசில் இல்லை.

திரும்பினாள்.

மீகா மல்லாந்து கிடந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெஞ்சு ஏறவில்லை. இறங்கவுமில்லை.

"மீகா. ஏய். மீகாக்குட்டி!"

உலுக்கினாள். தலை ஆடியது. அலமாரியிலிருந்த இழுப்பு மருந்துப் பம்ப்பை எடுத்து வாயில் வைத்து அழுத்தினாள். மருந்துப் புகை உள்ளே போனது. இழுக்க ஆளில்லாமல் உதட்டோரமாகத் தானே வெளியே வந்தது.

ஜோவி லேப்டாப்பைப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. குழந்தையை ஒரு கையால் அணைத்தபடியே எட்டி, கடைசி வெட்டைத் திருப்பிப் போடுகிற விசையை அழுத்தினாள்.

மடியில் மீகா ஒரு மூச்சு இழுத்தாள். நுனியில் விசில்.

ஒன்றுதான்.

மறுபடி அழுத்தினாள். இன்னொன்று. அழுத்தினாள். இன்னொன்று. அழுதுகொண்டே அழுத்தினாள். வெட்டிய துண்டுகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து உட்கார, ஒவ்வொன்றுக்கும் குழந்தையின் நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு அழுத்தினாள், எதுவும் வரவில்லை. திருப்பித்தர எதுவும் மிச்சமில்லை.

"பெலென் அக்கா!" கூரை பெயர்கிற மாதிரி கத்தினாள். "அக்கா! புள்ளைக்கு மூச்சு வரல! வண்டி கூப்பிடுங்க!"

"ஐயோ, தெருவுல முழங்கால் தண்ணிடி!" கீழே எதுவோ உருண்டு விழுந்தது. "தூக்கிட்டு நீயா எறங்காத! மோட்டார் ட்ரைசைக்கிளப் புடிச்சுட்டு வர்றேன், இரு!"

அப்போது மின்சாரம் போனது. விசிறி முனகி நின்றது. சலவை இயந்திரமும் நின்றது. இருட்டில் லேப்டாப் திரையும் அந்த நீலப் பொட்டும் மட்டும். ஜோவி கேபிளோடு பெட்டியைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள். நீலம் அணைந்தது. லேப்டாப்பை அறைந்து மூடினாள்.

எதிலும் செருகாத ஹெட்போன் தரையில் கிடந்தது. அதற்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பக்கம் புரளும் சத்தம்.

"கடைசி அத்தியாயம்" என்றார் ஃபெர்மின் மாமா.

அவர் மூச்சு இழுத்தார். ஜோவியின் மடியில் மீகாவின் நெஞ்சு ஏறியது. நுனியில் விசில்.

அவர் ஒரு வாக்கியம் படித்தார். மூச்சு. குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்கியது. இன்னொரு வாக்கியம். மூச்சு. சின்னச் சின்ன வாக்கியங்கள். மீகாவின் கன்னத்தில் கொஞ்சம் சூடு திரும்பியது. ஜோவி ஹெட்போனை மிதிக்கக் காலைத் தூக்கினாள். தூக்கிய காலை மெதுவாக இறக்கிவிட்டாள். அவர் நிறுத்திவிட்டால்?

"படிங்க மாமா" என்றாள். ஹெட்போனை நோக்கிக் குனிந்தாள். "மெதுவா படிங்க. நிறுத்தி நிறுத்தி. உங்க மூச்ச இனிமே தொடவே மாட்டேன் மாமா. சத்தியமா."

அவர் நிறுத்தினார். கேட்டாரோ இல்லையோ. உதடு பிரிகிற சத்தம். ஆழமாக, வெகு ஆழமாக, ஒரு மூச்சு. மீகாவின் விலா எலும்புகள் சட்டைக்கு மேலே தெரிகிற அளவுக்கு நெஞ்சு விரிந்து எழுந்தது. பிறகு முழுக்க இறங்கியது.

வானொலி நாடகத்துக் குரலில், மார்தட்டுகிற பெருமையோடு அவர் தொடங்கினார். "விளக்கில்லாத அந்த ஊரை விட்டு, வந்த வழியே ஆற்றில் இறங்கி, கரையேறி, நனைந்த துணியைப் பிழிந்து, வயல் வரப்பில் ஏறி, ஒருவர் கையை ஒருவர் பிடித்து..."

தெருத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எங்கோ ஒரு ட்ரைசைக்கிள் உறுமியது. ஜோவி குழந்தையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தாள்.

"...முள்ளை மிதித்து, விழுந்து, எழுந்து, திரும்பிப் பார்த்து, மறுபடி நடந்து..."

உள்ளங்கைக்கு அடியில் எதுவும் அசையவில்லை. மின்னல் வெளிச்சத்தில் மீகாவின் உதடு நீலமாகத் தெரிந்தது.

"...நடந்து, மேலும் நடந்து, மலையடிவாரத்தை அடைந்து, அங்கேயும் நிற்காமல்..."