ஹப்பளம் தின்னாத நாய்

சந்திரம்மாவுக்கு நாய் என்றாலே ஆகாது. அதற்குக் காரணம் எண்பது அப்பளங்கள்.

ஜோகுபாளையத்தில் அவருடைய வீட்டு மொட்டை மாடியில் ஒற்றை அறை வீடு ஒன்று உண்டு. முன்பு அங்கே வாடகைக்கு இருந்தவர்கள் ஒரு நாய் வளர்த்தார்கள். சந்திரம்மா மாடியில் காயவைத்த எண்பது அப்பளத்தையும் அது ஒரே மத்தியானத்தில் தின்று தீர்த்துவிட்டது. சந்திரம்மா கன்னடக்காரர் என்றாலும் தமிழ் நன்றாகப் பேசுவார். அப்பளத்தை மட்டும் கன்னட வழக்கப்படி ஹப்பளம் என்பார். அப்பளம் என்று சொன்னால் மொறுமொறுப்பு போய்விடுமாம்.

அன்றிலிருந்து வீடு கேட்டு யார் வந்தாலும், "நாய் இருக்கா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

சோனியாவின் வீட்டில் நாய் இல்லை. அதனால்தான் அவர்களுக்கு அந்த மாடி வீடு கிடைத்தது. அப்பா உத்தமன் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்குக் கார் ஓட்டினார். அம்மா வனஜா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தார். சோனியா ஆறாம் வகுப்புப் பரீட்சை முடிந்து விடுமுறையில் இருந்தாள். அது 2006-ஆம் வருடம்.

ஒரு திங்கட்கிழமை அப்பா கையில் ஏதோ கனமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கம்பெனில பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட்டாங்க. கேட்டேன், குடுத்துட்டாங்க."

சோனியா குதித்த குதியில் கீழ் வீட்டுக் கூரையே அதிர்ந்தது. பள்ளியில் ஆறு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். பெயர் வரிசைப்படிதான் மவுஸைத் தொட விடுவார்கள். 'எஸ்' எழுத்து வருவதற்குள் மணி அடித்துவிடும். இரண்டு வருடமாக அவள் கம்ப்யூட்டர் வகுப்பில் மற்றவர்களின் முழங்கைகளைத்தான் பார்த்திருக்கிறாள்.

லேப்டாப்பைத் திறந்தாள். "அப்பா! இதுல மவுஸே இல்லையே!"

"அதுக்குப் பதிலா இந்தச் சதுரத்தைத் தடவணுமாம்" என்றார் அப்பா.

சுவிட்சைப் போட்டதும் திரையில் ஒரு மணல்கடிகாரம் வந்தது. அப்பா குளித்துவிட்டு வந்தார். இட்லி சாப்பிட்டார். அம்மா ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையும் தைத்து முடித்தார். மணல்கடிகாரம் அப்படியே நின்றது.

"ஏங்க, நீங்க கொண்டாந்தது கம்ப்யூட்டரா, கடிகாரமா?" என்று கேட்டார் அம்மா.

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்போம். ஓடலைன்னா ஹளே பேப்பர்காரருக்குப் போட்டுடலாம்." ஹளே பேப்பர்காரர் என்றால், அந்தத் தெருவில் கூவிக்கொண்டு வந்து பழைய பேப்பரும் பழைய சாமானும் வாங்குபவர்.

மறுநாளே சோனியா லேப்டாப்பைப் பள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, தெருமுனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த சில்வெஸ்டர் அண்ணாவிடம் போனாள்.

"அறுபத்துநாலு எம்.பி. மெமரிதானா!" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பாவம் சோனியா, ஒரு தாத்தா தலையில அரிசி மூட்டையை ஏத்தி வெச்சிருக்காங்க. இப்ப இருக்கிறது எதுவும் இதுல ஓடாது."

"அப்ப ஹளே பேப்பர்தானா அண்ணா?"

"இரு, இரு. கம்ப்யூட்டரை ஓட்டற சாஃப்ட்வேர்ல லைட்டா ஒண்ணு இருக்கு. லினக்ஸ் குடும்பத்துல குட்டி. பேரு பப்பி." ஒரு சிடியில் அதை ஏற்றிக் கொடுத்தார். "கடைல கூட்டமா இருக்கு, நீயே போட்டுக்கோ. அது கேள்வி கேக்கும், பதில் சொல்லு. பயப்படாத, இதுக்கு மேல கெட்டுப்போக அதுல ஒண்ணுமில்ல."

வீட்டில் சிடியைப் போட்டாள். மறுபடியும் அதே மணல்கடிகாரம்!

அணைத்துவிட்டு மறுபடி போட்டபோது ஒன்றைக் கவனித்தாள். முதல் திரையின் அடியில் ஒரு வரி வந்தது. படிப்பதற்குள் மறைந்தது. சோனியா விடவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை என்று படித்தாள். ஆறு தடவை அணைத்துப் போட்ட பிறகு வரி முழுதாகக் கிடைத்தது. எதிலிருந்து தொடங்குவது என்று தேர்ந்தெடுக்க எஃப் பன்னிரண்டை அமுக்கச் சொன்னது. அமுக்கி, சிடியைத் தேர்ந்தெடுத்தாள்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென ஓடின. கேள்விகள் வந்தன. எந்தக் கீபோர்டு? எந்த மவுஸ்? திரை எவ்வளவு பெரிசு? தெரிந்ததற்குத் தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததற்கெல்லாம் இருப்பதிலேயே சின்னதைச் சொன்னாள். கடைசியில், மணல்கடிகாரத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, பப்பியை லேப்டாப்புக்குள் குடிவைத்தாள்.

திரையில் பளிச்சென்று படங்கள் வந்தன. கூடவே ஒரு சத்தமும் வந்தது.

"வவ்! வவ்!"

கீழே உளுந்து களைந்துகொண்டிருந்த சந்திரம்மாவின் கை அப்படியே நின்றது.

"அம்மா, பப்பி வந்துடுச்சு!" மேலே சோனியா கத்தினாள். "ரொம்பக் குட்டிம்மா! கொஞ்சூண்டு இடம் போதும் அதுக்கு."

"குரைக்குதேடி?" என்றார் அம்மா.

"எழுந்ததும் ஒரு தடவை குரைக்கும், அவ்வளவுதான். தடவிக் குடுத்தா சொன்ன பேச்சு கேக்குது."

"மெமரி கம்மின்னியே, அது?"

"மெமரி கம்மிதான். ஆனா ஓடுதும்மா, எவ்வளவு வேகமா ஓடுது பாரு!"

அம்மா லேப்டாப்பின் அடியைத் தொட்டுப் பார்த்தார். "அடி வயிறு என்னடி இப்படிச் சுடுது?"

அதற்கு மேல் சந்திரம்மாவால் பொறுக்க முடியவில்லை. ஒரு தடியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார்.

"எல்லி? எங்க நாய்?" கட்டிலுக்கு அடியில் தடியை விட்டுத் துழாவினார். தையல் மெஷினுக்குப் பின்னால் பார்த்தார். தண்ணீர் பிடிக்கும் அண்டாவின் மூடியைத் திறந்து, "ச்சூ, வெளிய வா!" என்றார்.

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு ஆன்ட்டி" என்றாள் சோனியா.

"என்னம்மா, என்னைக் கிண்டல் பண்றியா?"

"இல்ல ஆன்ட்டி, இதோ அணைச்சுப் போட்டுக் காட்டறேன்." அணைத்தாள். மறுபடி சுவிட்சைத் தொட்டாள். அந்த நேரம் பார்த்துக் கரெண்ட் போய்விட்டது. லேப்டாப்பின் பேட்டரியோ எப்போதோ செத்துப்போயிருந்தது.

சந்திரம்மா தடியைத் தரையில் தட்டினார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள நாய் போகணும். இல்லன்னா நீங்க போகணும்."

சாயங்காலம் அப்பா போய்ப் பேசிப் பார்த்தார். தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார்.

"'கம்ப்யூட்டர் எங்கயாவது குரைக்குமா உத்தமா? என் காதுல பூ சுத்தாதே'ங்கறாங்க."

"நான் போய்க் குரைக்க வெச்சுக் காட்டறேன்ப்பா!"

"வேணாம்மா. இன்னொரு தடவை குரைச்சா இன்னிக்கே காலி பண்ணச் சொல்லிடுவாங்க. நமக்கு வீடு முக்கியம். ஞாயித்துக்கிழமை ஹளே பேப்பர்காரர் வந்ததும் குடுத்துடுவோம். அதுவரைக்கும் ஒரு சத்தம் வரக்கூடாது. சரியா?"

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு, கட்டிலில் குப்புறப் படுத்து சோனியா அழுதாள். முதல் முறையாக ஒரு கம்ப்யூட்டர் அவள் பேச்சைக் கேட்டது. அதற்குள் அது போகப்போகிறது.

மிச்சமிருந்த நாட்களில் அவள் ஒலிச் சக்கரத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு, பப்பியின் உள்ளே சுற்றிப் பார்த்தாள். படம் வரைந்தாள். தன் பெயரை முப்பது தடவை தட்டினாள். ஓரிடத்தில் அந்தக் குரைப்புச் சத்தமும் ஒரு சின்னக் கோப்பாகக் கிடந்தது. அதை அமுக்கினால் எப்போது வேண்டுமானாலும் குரைக்கும் என்று புரிந்தது. தொடாமல் மூடிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பாவும் அம்மாவும் காலையிலேயே அல்சூர் மார்க்கெட்டுக்குப் போனார்கள். சந்திரம்மா மாடியில் பழைய புடவையை விரித்து ஹப்பளங்களைக் காயவைத்தார். நாலு நாளாக இடுப்பு வலியோடு இட்டவை, மொத்தம் நூற்றிருபது. பக்கத்தில் நாற்காலி போட்டு, ஒரு கையில் குடையும் மறு கையில் தடியுமாகக் காவலுக்கு உட்கார்ந்தார். வெயில் ஏற ஏறத் தலை சாய்ந்தது. குறட்டை வந்தது.

சோனியா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ராணுவக் கேம்ப் பக்கத்து மரங்களிலிருந்து நாலு குரங்குகள் கைப்பிடிச் சுவரில் இறங்கின. பெரிய குரங்கு ஒரு ஹப்பளத்தை எடுத்துக் கடித்துப் பார்த்தது. பிடித்திருந்தது போலும், மற்றதுகளைத் திரும்பிப் பார்த்தது.

"ஷ்ஷ்! போ!" என்றாள் சோனியா. பெரிய குரங்கு பல்லைக் காட்டியது.

"ஆன்ட்டி! ஆன்ட்டி!" என்று கத்தினாள். குறட்டைதான் பதிலாக வந்தது.

சோனியாவின் கண் லேப்டாப் பக்கம் போனது. குரைக்க வைத்தால் எல்லாம் போய்விடும். ஆனால் நூற்றிருபது ஹப்பளம்! இடுப்பைப் பிடித்துக்கொண்டு பூரிக்கட்டையும் கையுமாக ஆன்ட்டி உட்கார்ந்திருந்ததை நாலு நாளாக அவளும் பார்த்தாளே. எப்படியும் பப்பி இன்றைக்குப் போகத்தான் போகிறது. போவதற்கு முன்னால் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் இந்தக் குட்டிக் குரலுக்குக் குரங்கு பயப்படுமா? அவள் காலி அண்டாவை ஜன்னலோரம் இழுத்தாள். அதன் வாய்மேல் லேப்டாப்பை வைத்தாள். ஒலிச் சக்கரத்தை முழுதாகத் திருப்பினாள். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள்.

அண்டாவுக்குள் புகுந்து வந்த அந்த "வவ்! வவ்!" ஒரு கன்றுக்குட்டி அளவு நாயின் குரலாக இருந்தது. பெரிய குரங்கு வாயில் பாதி ஹப்பளத்தோடு எகிறி அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் விழுந்தது. மற்ற மூன்றும் எந்தப் பக்கம் போயின என்றே தெரியவில்லை.

சந்திரம்மா குடையோடு துள்ளி எழுந்தார். ஓடுகிற குரங்கைப் பார்த்தார். ஹப்பளங்களைப் பார்த்தார். பிறகு மெதுவாக வீட்டுக்குள் வந்தார்.

"எங்க அது?"

சோனியா மறுபடி அமுக்கினாள். "வவ்!"

சந்திரம்மா அண்டாவைச் சுற்றி வந்து பார்த்தார். லேப்டாப்பைத் தூக்கி அடியிலும் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி."

"வவ்!"

"என்ன தின்னும்?"

"கரெண்ட் மட்டும்தான் ஆன்ட்டி."

"மாடியெல்லாம் அசிங்கம் பண்ணுமா?"

"பண்ணாது."

சந்திரம்மா குரலைத் தாழ்த்தினார். "ஹப்பளம்?"

"சத்தியமாத் தின்னாது ஆன்ட்டி."

அப்போது அப்பா மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். குரைப்புச் சத்தம் தெருவரைக்கும் கேட்டிருந்தது. "மன்னிச்சுக்குங்கம்மா! கீழயே ஹளே பேப்பர்காரர் நிக்கறாரு. இப்பவே குடுத்துடறேன்!"

"யார் நாயை யாருக்குக் குடுக்கறே நீ?" என்று சந்திரம்மா தடியைத் தூக்கினார். பிறகு கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, "ஏனு இல்லப்பா, ஹோகு! ஒண்ணும் இல்ல, போ!" என்று ஹளே பேப்பர்காரரை விரட்டினார்.

இறங்கும்போது படியில் நின்றார். "சோனியா, அதுக்கு மெமரி கம்மின்னு உங்கம்மா சொன்னது நிஜமா?"

"நிஜம்தான் ஆன்ட்டி."

"பாவம். ஒந்தெலகா சட்னி அரைச்சு அனுப்பறேன்." ஒந்தெலகா என்றால் வல்லாரை. சொன்னபடியே மத்தியானம் ஒரு கிண்ணம் வந்தது. பப்பியின் பங்கையும் சேர்த்து சோனியாவே சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் சந்திரம்மாவின் கேட்டில் ஒரு புதுப் பலகை தொங்கியது. 'நாயி இதெ, எச்சரிகெ' என்று சிவப்பு எழுத்தில், கன்னடத்தில். நாய் இருக்கிறது, ஜாக்கிரதை என்று பொருள். அதைப் படித்துவிட்டு, சிலிண்டர் கொண்டுவந்தவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"பயப்படாம உள்ள வாப்பா" என்று சந்திரம்மா பெருமையாகச் சொன்னார். "எங்க நாய்க்கு மெமரி கம்மி. கடிக்கணும்னே அதுக்கு ஞாபகம் வராது."