கரியாம்பாளையத்தை விழுங்கிய பட்டியல்

"ஏனுங்க, அந்த ஊரை நான் அழிக்கலைங்க. பொழுதுசாயறதுக்குள்ள என்னை வேலையை விட்டு அனுப்பிருவாங்க!" என்று வந்து நின்றாள் ரம்லா.

காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் கோளாறுகளை விசாரிப்பவர் தெய்வாத்தாள். அவர் நிமிர்வதற்குள் கூட்டாளி உமர் பாரூக் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ரம்லா, சரவணம்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் புரோகிராமர். எந்தெந்த ஊருக்கு மில் பஸ் போகவேண்டும் என்ற பட்டியல் அங்குள்ள மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரில் தயாராகும். ஆயுத பூஜை கழிந்த திங்களன்று எல்லா ஊருக்கும் பஸ் போனது. கரியாம்பாளையத்துக்கு மட்டும் போகவில்லை. பதினான்கு பெண்கள் ரோட்டோரம் நின்று ஷிஃப்டை இழந்தார்கள். முந்தின வாரம்தான் ரம்லாவுக்கும் அந்த ஊரிலிருந்து வேலைக்கு வரும் சாமியாத்தாளுக்கும் வாய்த்தகராறு. மேனேஜர் லட்சுமணசாமிக்கு அது போதாதா!

அவர்கள் போனபோது மேனேஜர் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டு ரம்லாவை நீக்கும் மெமோவை எழுதிக்கொண்டிருந்தார். "வாங்க அம்மணி, காப்பி சாப்பிடுங்க" என்றார். ஒருத்தியின் பிழைப்பில் மண்ணைப் போடும்போதும் மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

தெய்வாத்தாள் பட்டியலின் அச்சுத்தாளை வாங்கினார். "எதுக்குக் கண்ணு ரெண்டு பட்டியல்?"

"இதை வாங்கி ஊர் ஊரா விரிக்கற மேக்ரோங்கற குட்டி புரோகிராம், ஒரு பட்டியல்ல இருநூத்தி அம்பத்தஞ்சு எழுத்துக்கு மேல ஏத்துக்காதுங்க. அதனால ரெண்டாப் பிரிச்சுக் குடுத்து, உள்ளே சேர்த்துப்போட்டேன். மொதப் பட்டியல் சரியா இருநூத்தி அம்பத்தஞ்சு" என்றாள் ரம்லா.

"நடுவுல ஒரே ஒரு ஊர் தானாக் காணாமப் போகுமா? கையாலதான் அழிச்சிருக்காங்க" என்றார் உமர்.

"நடுவுல இல்லீங்க பாய். மொதப் பட்டியலோட கடைசி ஊர் அது. இப்ப எண்ணுங்க" என்றார் தெய்வாத்தாள்.

உமர் பென்சிலோடு உட்கார்ந்தார். இருமுறை எண்ணினார். "இருநூத்தி அம்பத்தேழு!"

"பட்டியலோட தலையில புதுசா ரெண்டுங்கற எண்ணும் ஒரு கமாவும் ஏறியிருக்குது. அதனால கடைசி ரெண்டு எழுத்தை மேக்ரோ வெட்டிப்போடுச்சு. மிச்சமிருந்த அரைப்பேருல ஊரே இல்ல."

ரம்லாவின் முகம் சுருங்கியது. "தெரியாத பேரைச் சத்தமில்லாம தாண்டற மாதிரி எழுதினது என் தப்புங்க. வெட்டுனதுக்கு எச்சரிக்கையும் அச்சாகியிருக்குது. நான் பாக்கலை."

"சரி, அந்த ரெண்டை யார் போட்டது?" என்றார் உமர்.

"இங்கிலீஷ் கீபோர்டுல பிள்ளையார் சுழி கிடையாது. அந்தச் சுழி சாயல்ல இருக்கறது ரெண்டுங்கற எண்தான். மாத்தின தேதியும் ஆயுத பூஜை அன்னைக்குத்தான்." தெய்வாத்தாள் மெமோவின் தலையில் விரலை வைத்தார். "எதைத் தொடங்கினாலும் சுழி போடறவங்க இந்த ரூம்ல யாருங்க?"

லட்சுமணசாமிக்கு வியர்த்துவிட்டது. "பூஜையில கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சு, நல்ல காரியம்னு பட்டியல் தலையில நானேதான் அமுக்கினேனுங்க... சாமி சத்தியமா வேற நெனப்பு இல்லீங்க." மெமோவைக் கிழிக்கப் போனார்.

"கிழிச்சா ஆச்சா?" என்றாள் ரம்லா ஆத்திரத்தோடு. "பதினாலு பேரும் நான் பழிவாங்கினேன்னு நெனச்சுட்டிருக்காங்க. என் தப்பை நான் சொல்றேன். உங்க தப்பை நீங்க வந்து சொல்லோணுங்க. இப்பவே."

ரம்லா வாசலில் காத்து நின்றாள். லட்சுமணசாமி எழுந்து டிரைவரைக் கூப்பிட்டார்.

"எங்கீங்க போகோணும்?"

"கரியாம்பாளையம்" என்றார், தலையைத் தூக்காமலே.