தகடு கட்டிய பருந்து

தூறலில் நனைந்தபடி, மலைமேல் சாமைக் காட்டு மேட்டில் ஒருவன் பருந்தை மடியில் வைத்துக்கொண்டு அதன் காலில் என்னவோ மாட்டிக்கொண்டிருந்தான்!

இருசாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவின் காட்டில் யார் இவன்?

"ஏனுங்க! அத என்ன பண்றீங்க?"

நிமிர்ந்தான். அடேயப்பா... என்ன கண்கள்! இமையில் மழைத்துளி நிற்க, சிரிக்கிற கண்கள். அவளுக்குக் கேட்க வந்ததில் பாதி மறந்தேபோயிற்று.

"நான் மலைக்குக் கீழ பேளுக்குறிச்சிங்க, பேரு அர்த்தனாரி. பம்பாயில பறவைகள ஆராயற சங்கத்துக்கு வேலை பாக்கறனுங்க. இந்தப் பருந்துக பனிக்காலத்துக்கு வடக்க இருந்து வருதுங்க. வளையம் போட்டு உட்டா எங்க போகுது, திரும்பி வருதான்னு தெரியுமுங்க."

"கோழிக்குஞ்சத் தூக்கற களவாணிக்கு நகை வேறயா?"

"இது வெட்டுக்கிளியும் எலியும் திங்கறதுங்க. கொல்லாம உட்டாப் போதும்... அட, நீங்களும் இதும் ஒரே மாதிரி மொறைக்கிறீங்களே!"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்க வேறு வழி?

அதன்பின் மாடு மேய்க்க அந்த மேட்டை விட்டால் அவளுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை. சாயங்காலம் பருந்துகள் புல்லுக்குள் படுக்க இறங்கும். அவன் எண்ணுவான், அவள் அவனைப் பார்ப்பாள். பாவம், அவனுக்கும் கணக்கு அடிக்கடி தப்பியது!

அந்த நேரம் பார்த்து வீட்டு மாடு நோயில் விழுந்தது. தொழுவத்தின் பின்னால் ஒரு பருந்து செத்துக் கிடக்க, அதன் கால் வளையத்தைக் கழற்றிப் பார்த்த அப்பா சின்னான் அலறினார்.

"எழுத்து வெட்டுன தகடு! கீழ்நாட்டான் செய்வினை வெச்சு நம்ம ஊட்டுக்கு ஏவியிருக்கான்!"

பொழுது சாய்வதற்குள், புல்லை வளைத்துப் பருந்துகளை அடித்துக் கொல்ல ஊரே தடியோடு மேட்டுக்கு வந்துவிட்டது.

"அது வெறும் அடையாளமுங்க..." என்றான் அர்த்தனாரி. யார் கேட்டார்கள்?

"மலைய உட்டு எறங்குடா!" என்று கத்தியது கூட்டம்.

அவனுக்கும் ரோஷம். பருந்து பிடிக்கும் வலையைச் சுருட்டித் தோளில் போட்டான். அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது வாயைத் திறக்காவிட்டால் பருந்துகளும் போகும், அவனும் போய்விடுவான்...

இருசாயி ஓடினாள். அப்பா கையிலிருந்த வளையத்தைப் பிடுங்கி, தன் விரலில் மாட்டிக்கொண்டாள்.

"செய்வினைன்னா மொதல்ல என்னையத் தின்னட்டுமுங்கப்பா! அதுவரைக்கும் பருந்து மேல யாரும் கைவெக்கக் கூடாது!"

"கழட்டு கண்ணு..." சின்னான் கெஞ்சினார். அவள் கழற்றவில்லை. தடிகள் ஒவ்வொன்றாய்க் கீழே இறங்கின. வலையோடு நின்றவனும் நகரவில்லை.

நாட்கள் போயின. அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. மாடும் எழுந்து மேயத் தொடங்கியது. சின்னான் மேட்டுக்கு வந்து, "நீங்க உங்க வேலையப் பாருங்க தம்பி" என்று மீசைக்குள் முனகிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அர்த்தனாரி மெல்லக் கேட்டான். "அன்னைக்கு உங்களுக்குப் பயமே இல்லீங்களா?"

"இருந்துச்சுங்க... தகட்டுக்கு இல்ல." அவள் தலை குனிந்தது. "நீங்க எறங்கிப் போயிருவீங்களோன்னு..."

மழை வலுத்தது. இருவருமே ஒதுங்கவில்லை.

"நாளைக்கு எறங்கத்தான் போறேன் இருசாயி" என்றான் அவன். "எங்கம்மா அப்பாவக் கூட்டிக்கிட்டு வந்து உன்னையப் பொண்ணு கேக்க."