நாலு விரல் நெசவு

இன்புளுவன்சாக் காய்ச்சல் தணிந்து, அசனார் புளியந்தீவு ஆஸ்பத்திரியிலிருந்து காத்தான்குடி வீட்டுக்கு வந்தபோது தறியில் துணி அப்படியே கிடந்தது. மகள் ஸகியாவின் கலியாணப் புடவை. நெய்துகொண்டிருந்த மனைவி ஸைனம்பு அதே காய்ச்சலில் மவுத்தாகிவிட்டாள். படுக்கையிலும் அவள் சொன்னது ஒன்றுதான்: "நூல் முடிஞ்சிட்டு, வாங்கிட்டு வாங்க."

"காய்ச்சல் மாறட்டும்," என்று இவர் எரிந்து விழுந்திருந்தார். ஒரு முழம் நெசவு மிச்சம்.

இரண்டு மாதம் போனது. அசனாரின் தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கழன்றது. ஊர் ஆண்கள் மொட்டையடிக்க, இவர் பிடரி வரை வளர்த்தவர்.

"காய்ச்சல் குடிச்ச தலை. தானா முளைக்கும்," என்று எண்ணெய் கொடுத்தார் நாட்டு வைத்தியம் பார்க்கும் இளையதம்பிப் பரிசாரி.

"உங்கட தலையில ஏன் முளைக்கல்ல, பரிசாரியார்?"

தேய்த்தும் கொட்டியது. ஆனால் காலையில் தலையணையில் ஒரு மயிர் இல்லை.

ஒருநாள் விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்து தறியைப் பார்த்தார். துணி ஒரு சாண் வளர்ந்திருந்தது. குறுக்கே போன புதிய ஊடை இழை கறுப்பும் நரையுமாக, முடிச்சு முடிச்சாக ஓடியது.

மோந்து பார்த்தார்.

பரிசாரியின் எண்ணெய் வாசம்.

அந்த இழைகளைக் கத்தரியால் வெட்டி எறிந்தார். மறுநாள் அது அதே இடத்தில் இருந்தது. கடைக்குப் போய் நூல் வாங்கிவந்து தறிமேல் போட்டார்.

"இந்தா நூல். இனியாவது என்னை விடு."

நூல் கண்டில் தூசி படிந்தது. துணிதான் வளர்ந்தது.

"வாப்பா, நீங்களா நெய்றீங்க?" என்றாள் ஸகியா.

"நானில்ல."

"அப்ப ஆரு?"

அவர் சலித்துப் போய் நாவிதனைக் கூப்பிட்டார். "முழுக்கச் சிரை. மயிர் இருந்தாத்தானே எடுப்பாள்." வழித்ததை வாவியில் தானே கொட்டினார்.

மூன்று நாள் தறி அசையவில்லை. நாலு விரல் நெசவு மிச்சத்தோடு நின்றது. அசனார் மூன்றாம் நாள்தான் ருசித்துத் தேத்தண்ணி குடித்தார்.

நாலாம் நாள் காலை ஸகியா முற்றத்தில் தலை வாரினாள். காய்ச்சல் தொடாத பிள்ளை.

"வாப்பா, கொத்தாக் கழருது. ஆனா சீப்பில ஒண்டும் நிக்குதில்ல."

அசனார் உள்ளே ஓடினார்.

மூன்று விரல்தான் மிச்சம்.

புதிய ஊடையில் ஒரு நரைகூட இல்லை.